விரலை இழந்தவர் இவர், விழி பிதுங்கியவர்கள் பேட்டர்கள்! | மூன்று விரல் பிரவுன்

(திரையில்: ஒரு வலது கையின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பின்னணி இசை இல்லை.)

இந்தக் கையைக் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள். வேண்டுமென்றால் வீடியோவை நிறுத்திவிட்டே பாருங்கள். ஆள்காட்டி விரலில் முக்கால்வாசி காணோம், அடியில் ஒரு மொட்டைத் துண்டுதான் மிச்சம். நடுவிரல் கோணலாக ஒட்டியிருக்கிறது. சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்காது.

இந்தக் கையால் பந்து எறிந்துதான் ஒரு மனிதர் 1906-ல் ஒரு சாதனை வைத்தார். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அதற்குப் பிறகு வந்த ஒருவராலும் அதை முறியடிக்க முடியவில்லை. 1968-ல் பாப் கிப்சன் என்ற அசுரன் கிட்டத்தட்ட நெருங்கிப் பார்த்தார். அவராலும் ஆகவில்லை.

சரி, யார் இவர்? மோர்டெகாய் பிரவுன். உலகம் வைத்த பெயர் "மூன்று விரல்" பிரவுன். கட்டைவிரலையும் சேர்த்து எண்ணினால் அவருக்கு நான்கு விரலும் ஒரு துண்டும் இருந்தன. ஆனால் பத்திரிகைக்காரர்களுக்குத் தலைப்புக்கு எது அழகோ அதுதான் கணக்கு. யூடியூபில் இருந்துகொண்டு நான் அவர்களைக் குறை சொல்ல முடியாது, தம்ப்நெயிலில் நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

(டைட்டில் கார்டு)

வணக்கம் மக்களே. பேஸ்பால் தெரியாது என்று ஓடிவிடாதீர்கள், அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். நம் பவுலர் அங்கே பிட்ச்சர். அவருக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம், நம் பிட்சைவிட ஐந்தரை அடி குறைவு. பந்து தரையில் குத்தி வராது, நேராகக் காற்றிலேயே வரும். ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒரு பிட்ச்சர் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் அவருடைய மதிப்பெண், அதை ஈஆர்ஏ என்பார்கள். தன் அணியினர் பந்தைத் தவறவிட்டதால் போன ரன்கள் அவர் கணக்கில் வராது. 3-க்குக் கீழே இருந்தால் நல்ல பிட்ச்சர். 2-க்குக் கீழே என்றால் காலைத் தொட்டுக் கும்பிடலாம். 1906-ல் பிரவுனின் கணக்கு 1.04.

அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

இப்போது பிறப்பு வளர்ப்பு. 1876 அக்டோபர் 19, இந்தியானா மாநிலத்தில் நயஸ்வில் என்ற சிற்றூர். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து நூறு ஆண்டு நிறைந்த வருடம் என்பதால், பெற்றோர் "நூற்றாண்டு" என்று பொருள்படும் சென்டென்னியல் என்பதையும் பெயரில் சேர்த்துவிட்டார்கள். முழுப்பெயர் மோர்டெகாய் பீட்டர் சென்டென்னியல் பிரவுன். பள்ளியில் வருகைப் பதிவு எடுத்த வாத்தியாரை நினைத்துப் பாருங்கள்.

சின்னப் பையனாக இருந்தபோது, மாட்டுத்தீவனம் நறுக்கும் மெஷினில் வலது கை போய்விட்டது. ஆள்காட்டி விரல் துண்டானது. டாக்டர் தைத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார். பையன் சும்மா இருப்பானா? காயம் ஆறுவதற்குள் விளையாட்டில் மறுபடி விழுந்து, இருந்த விரல்களையும் உடைத்துக்கொண்டான். அவை எப்படி ஒட்டினவோ அப்படியே விட்டாயிற்று. நீங்கள் முதலில் பார்த்த கை அப்படி வந்ததுதான்.

வளர்ந்ததும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. "சுரங்கத்துக்காரர்" என்பதுதான் அவருடைய இன்னொரு பட்டப்பெயர். அப்போது ஊர் அணிகளில் பேஸ்பால் ஆடியதும் பிட்ச்சராக இல்லை, ஃபீல்டராகத்தான். 1898-ல் ஒரு நாள் அணியின் பிட்ச்சர் ஆடமுடியாமல் போக, இவரைப் பந்தெறியச் சொன்னார்கள். அன்றிலிருந்துதான் ஆரம்பம்.

சரி, இப்போது நான் இந்த வீடியோ போட்டதற்கே காரணமான இடத்துக்கு வந்துவிட்டோம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

(திரையில்: சுழலும் பந்தின் மெதுவான காட்சி)

சாதாரண பிட்ச்சர் வேகப்பந்து எறியும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பந்தின் மேல் இருக்கும். கையை விட்டுப் போகும் கடைசி நொடியில் அந்த இரண்டு விரலும் பந்தின் பின்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். அதனால் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போகும். அப்படிச் சுழலும் பந்துக்குக் காற்று மேல்நோக்கி ஒரு தாங்கல் கொடுக்கும். பூமி கீழே இழுக்கும், காற்று கொஞ்சம் தாங்கும். அதனால் பந்து, பேட்டரின் கண் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இறங்கும். இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். கர்வ்பால் இதற்கு நேர் எதிர். பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டால் காற்றும் சேர்ந்து கீழே அழுத்தும், பந்து தொபுக்கென்று இறங்கும்.

இப்போது பிரவுனின் கைக்கு வாருங்கள். பந்தை இழுத்துவிட வேண்டிய இரண்டு விரல்களில் ஒன்று துண்டு, மற்றொன்று கோணல். அவர் நேராகத்தான் எறிவார். ஆனால் மொட்டை விரலிலும் கோணல் விரலிலும் உரசிக்கொண்டு வெளியே வரும் பந்துக்கு மற்றவர்களுடைய சுழற்சி இருக்காது. ஆயிரம் பிட்ச்சர்களின் பந்தைப் பார்த்துப் பழகிய பேட்டர், "இங்கே வரும்" என்று மட்டையை வீசுவார். பந்து அங்கே இருக்காது, அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும். மட்டை பந்தின் உச்சந்தலையில் பட்டு, பந்து தரையோடு உருண்டு ஃபீல்டர் கைக்குப் போகும். கர்வ்பால் எறிந்தால் கேட்கவே வேண்டாம். டை காப் என்ற டெட்ராய்ட் அணி வீரர், அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேட்டர், யாரையும் எளிதில் பாராட்டாத சிடுமூஞ்சி. அவரே தான் சந்தித்ததிலேயே மிகக் கொடிய பந்து பிரவுனின் கர்வ் என்று சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்த நிமிடமே என் மனதில் ஒரு பெயர் வந்தது. உங்களில் பாதிப் பேருக்கும் வந்திருக்கும்.

(திரையில்: 1971, ஓவல் மைதானம்)

பகவத் சந்திரசேகர். மைசூர்க்காரர். சிறுவயதில் போலியோ தாக்கி வலது கை சூம்பிப்போனது. பவுண்டரியிலிருந்து பந்தைத் திருப்பி எறிய அவருக்கு இடது கைதான் வேண்டும். ஆனால் பந்துவீச மட்டும் அந்தச் சூம்பிய வலது கை. அந்தக் கை சாட்டை மாதிரி சுழன்று வரும், மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. லெக் ஸ்பின்னர் என்று பெயர், ஆனால் பந்து வரும் வேகத்தைப் பார்த்தால் மீடியம் பேஸர் தோற்றார். கூக்ளியும் அதே வேகத்தில் வரும். தான் போடும் பந்து எப்படித் திரும்பும் என்று சந்திராவுக்கே தெரியாது, அப்புறம் பேட்ஸ்மேனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அந்தக் காலத்து ஆட்கள் சிரிப்பார்கள்.

1971 ஆகஸ்ட், ஓவல். இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் 101-க்கு ஆல் அவுட். சந்திரா 38 ரன்னுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி, முதல் தொடர் வெற்றி. கூடவே ஒரு தகவல், இது கதைக்குத் தேவையே இல்லை, ஆனால் சொல்லாமல் விட என்னால் முடியாது. அன்று விநாயகர் சதுர்த்தி. ரசிகர்கள் செஸ்ஸிங்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து பெல்லா என்ற யானையை மைதானத்துக்கே கூட்டி வந்துவிட்டார்கள்! லண்டனில், டெஸ்ட் மேட்சுக்கு, யானை. இதற்குத் தனி வீடியோ வேண்டும் என்றால் கமெண்டில் ஒரு யானை எமோஜி போடுங்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். சந்திரா டெஸ்டில் எடுத்தது 242 விக்கெட். பிரவுன் பெரிய லீகில் ஜெயித்துக் கொடுத்தது 239 ஆட்டம். இந்த ஒற்றுமைக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் அழகாக இருக்கிறது இல்லையா? சந்திரா தன் வாழ்நாளில் எடுத்த டெஸ்ட் ரன் 167. விக்கெட்டைவிட ரன் குறைவு! அந்த விஷயத்தில் பிரவுன் கொஞ்சம் பரவாயில்லை, அவருக்கு இரண்டு பக்கமும் நின்று மட்டை பிடிக்கத் தெரியும்.

ஆனால் இரண்டு பேர் கதையையும் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, குறைதான் வரமானது" என்று வயலின் இசை போட்டு முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. தீவன மெஷினில் விரலை விட்ட பையன்கள் அந்தக் காலத்து அமெரிக்காவில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் பிட்ச்சர் ஆகிவிட்டார்களா? அதைவிட நல்ல சாட்சி ஒன்று பிரவுனிடமே இருக்கிறது. 1903-ல் 26 வயதில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக முதன்முதலாகப் பெரிய லீகில் ஆடினார். அதே கை, அதே மொட்டை விரல், அதே பந்து. முடிவு? 9 வெற்றி, 13 தோல்வி. காரணம், அந்த வருடம் கார்டினல்ஸ்தான் லீகின் கடைசி அணி. பேட்டர் தரையோடு அடிக்கும் பந்தைப் பிடிக்கவும் பதிலுக்கு ரன் எடுக்கவும் ஆள் வேண்டுமே!

அந்த ஆட்கள் சிகாகோவில் இருந்தார்கள். 1903 டிசம்பரில் சிகாகோ கப்ஸ் அணி, ஜாக் டெய்லர் என்ற தன் நட்சத்திர பிட்ச்சரைக் கொடுத்துவிட்டு இவரை வாங்கியது. அங்கே ஜோ டிங்கர், ஜானி எவர்ஸ், ஃப்ராங்க் சான்ஸ் என்று உள்வட்டத்தில் மூன்று ஃபீல்டர்கள். பிரவுனின் பந்து தரையோடு உருளும், அவர்கள் பொறுக்குவார்கள், ஒரே பந்தில் இரண்டு அவுட் கூட நடக்கும். பிரவுனும் சாமானியப்பட்ட ஃபீல்டர் இல்லை, தன்னை நோக்கி வரும் பந்தைத் தாவிப் பிடித்துவிடுவார். போதாததற்கு அது பந்து "செத்துப்போன" காலம். அழுக்கேறி நைந்துபோன பந்தையே விடாமல் ஆடுவார்கள். பந்தில் எச்சில் தடவுவதுகூட விதிப்படி சரி. ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி அடி, அபூர்வம். கை, அணி, காலம் மூன்றும் சேர்ந்து வந்ததுதான் அந்த 1.04. என் தீர்ப்பு இது. அடிக்க வருபவர்கள் கமெண்டில் வரிசையாக வரவும்.

1906-ல் பிரவுன் 26 வெற்றி, 6 தோல்வி. கப்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது, தோற்றது வெறும் 36. அப்புறம் இரண்டு பெரிய லீகின் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரில் அதே ஊரைச் சேர்ந்த ஒயிட் சாக்ஸிடம் மண்ணைக் கவ்வியது. பிரவுனும் கடைசி ஆட்டத்தில் அடி வாங்கினார். 1907-ல் டெட்ராய்டைச் சுருட்டிக் கோப்பை வாங்கியது.

இனி 1908. இது சினிமா.

(திரையில்: நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ். கூட்டம்.)

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் கிறிஸ்டி மாத்யூசன் என்று ஒரு பிட்ச்சர். கல்லூரியில் படித்தவர், பார்க்க ராஜா மாதிரி இருப்பார், அமெரிக்காவின் செல்லப்பிள்ளை. அவருக்குச் சரியான எதிரி, சுரங்கத்திலிருந்து வந்த நம் ஆள். 1905 ஜூனில் மாத்யூசன் கப்ஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆடினார், அதாவது அவர் பந்தை அடித்து யாராலும் பத்திரமாக ஓடிச் சேர முடியவில்லை. எதிரில் எறிந்தது பிரவுன், அவரும் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ரன். 1-0, தோல்வி. அதற்குப் பிறகு 1908 அக்டோபர் வரை இருவரும் மோதி முடிவு வந்த ஆட்டங்களில் தொடர்ந்து 9 முறை ஜெயித்தது பிரவுன்தான்.

1908 செப்டம்பர் 23. ஸ்கோர் 1-1, கடைசி இன்னிங்ஸ். ஜயன்ட்ஸ் பேட்டர் அடித்தார், வெற்றி ரன் வந்துவிட்டது, கூட்டம் மைதானத்துக்குள் குதித்தது. பேஸ் என்றால் ஓடுபவர் வரிசையாக மிதிக்கவேண்டிய இடம். ஆனால் முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்கு ஓடவேண்டிய 19 வயதுப் பையன் ஃப்ரெட் மெர்கில், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே என்று பாதியிலேயே ஓய்வறைக்குத் திரும்பிவிட்டான். கப்ஸின் எவர்ஸ் எப்படியோ ஒரு பந்தைக் கையில் பிடித்து, மெர்கில் வந்து சேராத இரண்டாவது பேஸை மிதித்து, "அவுட்!" என்று கத்தினார். நடுவர் ஹாங்க் ஓ'டே விதிப்படி அவுட் கொடுத்தார். ரன் செல்லாது, ஆட்டம் சமன். பாவம் மெர்கில், அந்தப் பழி வாழ்நாள் முழுக்கப் போகவில்லை.

சீசன் முடிவில் பார்த்தால் இரண்டு அணியும் 98 வெற்றி, 55 தோல்வி. அந்தச் சமனான ஆட்டத்தை அக்டோபர் 8-ல் மறுபடி ஆடியே ஆகவேண்டும், அதுவும் நியூயார்க்கில். கூட்டம் வேலியை உடைத்தது, மேம்பால ரயில் பாதையின் தூண்களில் ஏறி உட்கார்ந்தது. பிரவுனுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன: பந்தெறிந்து ஜயன்ட்ஸைத் தோற்கடித்தால் கொன்றுவிடுவோம் என்று. நானாக இருந்தால் வயிற்றுவலி என்று சொல்லி ஊருக்கு ரயில் ஏறியிருப்பேன். பிரவுன் என்ன செய்தார் தெரியுமா? கடிதங்களைக் கேப்டன் சான்ஸிடம் காட்டி, "என்னையே முதலில் எறிய விடுங்கள்" என்று கேட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

சான்ஸ் சம்மதிக்கவில்லை. ஜாக் ஃபீஸ்டரை இறக்கினார். முதல் இன்னிங்ஸிலேயே ஃபீஸ்டர் தடுமாற, ஜயன்ட்ஸுக்கு ஒரு ரன். அவ்வளவுதான், சான்ஸ் கையை அசைத்தார். மைதானத்தின் ஓரத்தில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பிரவுன் நடுவே வந்தார். எதிரில் மாத்யூசன். மூன்றாவது இன்னிங்ஸில் கப்ஸ் மாத்யூசனிடம் 4 ரன் பிடுங்கியது. பிரவுன் அதைக் கடைசிவரை காத்தார். 4-2.

முடிந்ததும் கப்ஸ் வீரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓய்வறைக்கு ஓடினார்கள். சான்ஸுக்குக் கழுத்தில் அடி, ஃபீஸ்டருக்குத் தோளில் கத்திக் கீறல். போலீஸ் துணையோடுதான் வெளியே வரமுடிந்தது. இரண்டே நாளில் உலகத் தொடர். டெட்ராய்டை 4-1 என்று நொறுக்கினார்கள், அதில் இரண்டு வெற்றி பிரவுனுக்கு.

இங்கே ஒரு சின்ன விஷயம். அதன் பிறகு கப்ஸ் மறுபடி உலகத் தொடரை எப்போது ஜெயித்தது? 2016-ல். 108 வருடம்! ஆர்சிபி ரசிகர்கள் இனிமேல் 18 வருடம் காத்திருந்தோம் என்று யாரிடமும் சொல்லவேண்டாம்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1906 முதல் 1911 வரை தொடர்ந்து ஆறு சீசன், ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 வெற்றி. முதலிலிருந்து எறிவது ஒருபக்கம், அடுத்தவர் ஆட்டத்தின் கடைசியில் வந்து காப்பாற்றிக் கொடுப்பது இன்னொரு பக்கம். இப்போது அதற்கு "சேவ்" என்று தனிக் கணக்கே உண்டு. பழைய ஏடுகளைப் புரட்டிக் கணக்குப் போட்டதில் 1911-ல் மட்டும் இவருக்கு 13 வந்தது. அப்புறம் வயதானது, கப்ஸ் விட்டுவிட்டது, சின்சினாட்டி போனார், புதிதாக வந்த ஃபெடரல் லீகில் சில அணிகள் மாறினார், அங்கேயும் 1915-ல் சிகாகோ வேல்ஸோடு பட்டம் வென்றார். அந்த லீக் மூடப்பட்டதும் கடைசியாக மறுபடி கப்ஸ்.

1916 செப்டம்பர் 4, சிகாகோ. தொழிலாளர் தின ஆட்டம். பிரவுனுக்கு 39 வயது. எதிரணி சின்சினாட்டி, அதன் மேனேஜர் நம் மாத்யூசன். பழைய பகையாளிகள் இருவரும் கடைசியாக ஒருமுறை நேருக்கு நேர் எறிந்தார்கள். ஒரு காலத்தில் 1-0 என்று முடித்தவர்கள், அன்று ஆளுக்கு ஆள் அடி வாங்கி 10-8. மாத்யூசன் ஜெயித்தார். கூட்டிக் கழித்தால் இருவரும் மோதியதில் 13-11 என்று பிரவுன்தான் முன்னிலை. அன்றைக்குப் பிறகு இருவருமே பெரிய லீகில் பந்தெறியவில்லை.

மாத்யூசன் 1936-ல் ஹால் ஆஃப் ஃபேமின், அதாவது பேஸ்பால் மேதைகளின் கௌரவப் பட்டியலின், முதல் ஐவரில் ஒருவரானார். பிரவுன் டெர்ரே ஹோட் நகரில் பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டிருந்தார். மொத்தம் 239 வெற்றி, 130 தோல்வி, வாழ்நாள் ஈஆர்ஏ 2.06. இதற்கு மேல் என்ன வேண்டும்? 1948 பிப்ரவரியில் இறந்தார். அடுத்த வருடம், 1949-ல், ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 13 வருடமாக அந்தக் குழு என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. கோபமாகத்தான் சொல்கிறேன்.

உங்கள் ஓட்டு எந்தப் பக்கம்? விரலா, அணியா? கமெண்டில் எழுதுங்கள். விரல் என்பவர்கள் அந்த 9-13-க்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் பேசவும். லைக் போடுங்கள், சேனலுக்குப் புதிது என்றால் சப்ஸ்கிரைப் செய்யுங்கள். அடுத்த வீடியோ மெர்கில் பையனுக்கு: இரண்டாவது பேஸை மிதிக்காமல் போனவன் அவன் ஒருவன்தானா, இல்லை அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தானா என்று பார்ப்போம். வருகிறேன்.